பாவறுத்தவளின் ஓட்டம்

எங்கள் நிறுத்தத்துக்கு அடையாளமாக ஒரு கல்லை நட்டு மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார்கள். அந்தக் கல்லுக்கு நேராக பஸ் நின்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் காலை பஸ் அது. ஸ்டாண்டை விட்டுக் கிளம்பும்போதே படிக்கட்டு வரை ஆள் நிற்கும். ஊர்க் கடைசியில் இருந்த எங்கள் நிறுத்தத்துக்கு டிரைவர் ஒரு திட்டம் வைத்திருந்தார். கல்லுக்கு நேராக நிறுத்தினால் நிற்கிற அத்தனை பேரும் ஏறிவிடுவார்கள். அரை பர்லாங் தள்ளி நிறுத்தினால் ஓடிவர முடிந்தவன் மட்டும் ஏறுவான். நாலைந்து பேர் தொற்றியதும் கண்டக்டர் விசில் அடித்துவிடுவார். கைப்பிள்ளைக்காரி, கூடைக்காரி, கால் வீங்கினவர் எல்லோருக்கும் புழுதிதான்.

இதை ஒருவரும் அநியாயம் என்று சொன்னதில்லை. கண்டக்டர் பின்படியில் தொங்கிக்கொண்டு "ஓடியாங்க, ஓடியாங்க" என்று ஏதோ தருமம் செய்கிறவர் மாதிரி கூப்பிடுவார். எனக்கு வயிறு எரியும்.

எழுபதுகளின் நடுவில், இருபத்தெட்டு வயதில், நான் அந்த பஸ்ஸை நம்பித்தான் பிழைத்தேன். திருச்சுழிக்கு முன்னால் ஒரு விலக்கில் இறங்கி, கரிசக்காட்டு வண்டிப்பாதையில் இரண்டு மைல் உள்ளே நடந்தால் நான் வேலை பார்த்த ஆரம்பப் பள்ளிக்கூடம். இந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒன்றரை மணி நேரம் கழித்து. தலைமை ஆசிரியர் வாசலிலேயே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மணி அடித்த பிறகு வந்தால் அரைநாள் லீவு. பஸ் தள்ளி நின்றது என்று காரணம் சொன்னால், "அதுக்கு நான் என்ன டீச்சர் செய்யிறது?" என்பார். அவர் உள்ளூர்க்காரர். வீட்டிலிருந்து பள்ளிக்கு அவருக்கு நாற்பது எட்டு நடைதான்.

பொம்பளைகள் பஸ்ஸைப் பிடிக்க ஒரு நடை வைத்திருந்தோம். ஒரு கை முந்தானையை மார்போடு பிடித்திருக்கும், இன்னொரு கை கொசுவத்தைக் கொஞ்சம்போலத் தூக்கியிருக்கும். முழங்காலுக்குக் கீழே மட்டும் விறுவிறுவென்று போகும், மேலே எதுவும் அசையாது. ஓட்டத்தின் களைப்பு முழுக்க உண்டு, ஓட்டத்தின் வேகம் கிடையாது. அந்த நடையில் போய் நான் விட்ட பஸ்கள் எத்தனையோ.

ஓட எனக்குக் காலில் குறை எதுவும் இல்லை. பதின்மூன்று வயதில் எங்கள் பள்ளியில் என்னை முந்த ஆள் கிடையாது. அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் நான் ஓடவே இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் தெரு நெசவுத் தெரு. வீட்டுக்குள் கன்னடம் பேசுவோம், வெளியே தமிழ். இங்கே எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுகிறேன். விடியும்போதே தெரு நெடுக மூங்கில் கால்களை நிறுத்திப் பாவு விரித்துவிடுவார்கள். சேலை நெய்ய வேண்டிய நீளநூல் மொத்தமும், ஆயிரக்கணக்கான இழைகள், தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பந்தல் மாதிரி இழுத்துக் கட்டியிருக்கும். அதற்குக் கஞ்சி தடவி, பிரஷ்ஷால் நீவி, வெயில் சுள்ளென்று ஆவதற்குள் காயவைத்துச் சுருட்ட வேண்டும். இரண்டு முனையிலும் முளை அடித்துக் கயிறு போட்டு இறுக்கியிருப்பார்கள். கயிறு நழுவினால் ஈரக் கஞ்சியோடு பாவு முழுவதும் தெருமண்ணில் விழும். விழுந்த பாவு ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கப் பிரிக்க அறும். ஒரு வீட்டின் ஒரு மாத வேலை அதோடு போச்சு.

அதனால் எங்கள் தெருப் பிள்ளைகள் பேசப் பழகும்போதே கேட்கும் வார்த்தை, "ஓடாத, பாவு." அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பாவைச் சுருட்டி உள்ளே கொண்டுபோனதும் பையன்கள் தெருவில் குதிரையாக ஓடுவார்கள், யாரும் வாய் திறக்கமாட்டார்கள். பெண்பிள்ளைகள் நாங்கள் நாலு எட்டு ஓடினால் போதும், ஏதாவது ஒரு வாசலிலிருந்து "ஏ பிள்ள, ஓடாத, பாவு" என்று குரல் வரும். தெரு காலியாகக் கிடக்கும். பாவு எங்கே என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

நான் ஓடியதெல்லாம் பள்ளிக்கூடத்து மைதானத்தில். நூறு மீட்டரில் முதலாவதாக வந்து எவர்சில்வர் டம்ளர் வாங்கினேன். விருதுநகரில் பல பள்ளிக்கூடங்கள் சேர்ந்து நடத்தும் போட்டிக்கு என்னைச் சேர்த்திருந்தார்கள். டிரில் டீச்சர் பத்து நாள் காலையில் ஆறு மணிக்கு வரச் சொன்னார். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, எழுந்திருக்க நேரமாகிவிட்டது. வெளியே வந்தால் எங்கள் அப்பாவின் பாவு தெருவில் விரித்திருக்கிறது. பாவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் போக இடம். முனை வரை நடந்துதான் போனேன், சத்தியமாக. முளையைத் தாண்டும் இடத்தில், இனிமேல் பாவு இல்லை என்று நினைத்து, ஓட்டம் எடுத்தேன்.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. மாவுமூட்டை விழுந்தால் வருமே, அப்படியொரு மெத்தென்ற சத்தம். திரும்பிப் பார்த்தேன். பாவு தரையில் கிடந்தது. அப்பா கையில் பிரஷ்ஷோடு நிற்கிறார். முளைக்குப் பக்கத்தில் என் அத்தை மகன், பதினேழு வயது, வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான். யாருடைய பாவு விரித்தாலும் பக்கத்து வீட்டு ஆட்கள் கூடமாட வேலை செய்வது எங்கள் தெரு வழக்கம். அன்றைக்கு அவன் வந்திருந்தான். பின்னாளில் எனக்குத் தாலி கட்டியது அவன்தான். இதற்குமேல் அவர் என்று எழுதுகிறேன், பழக்கத்தை விட முடியவில்லை.

"கயித்தைத் தட்டிவிட்டுட்டா" என்று யாரோ சொன்னார்கள். அப்புறம் எல்லோரும் சொன்னார்கள். அப்பா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். "இனி நீ ஓடாத" என்றார், அவ்வளவுதான். மறுநாள் டிரில் டீச்சர் வீட்டுக்கே வந்து கேட்டபோது, பாவு கிடந்த கோலத்தைக் காட்டி அனுப்பிவிட்டார். விருதுநகருக்கு வேறொரு பெண் போனாள்.

கயிறு என் காலில் பட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. ஆனால் இத்தனை பேர் சொல்லும்போது படாமல் இருக்குமா? இரண்டு நாள் போனதும் வலது கணுக்காலில் கயிறு உரசிய இடம் இதுதான் என்று எனக்கே தெரிய ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் அந்த இடம் வலிக்கவும் செய்தது. தெருவில் எனக்குப் "பாவறுத்தவ" என்று பேர் விழுந்தது. என் கல்யாணப் பந்தலில் அந்தப் பேரைச் சொல்லிச் சிரித்தார்கள். கட்டிக்கொண்டவரும் சிரித்தார். அடுப்பில் பால் பொங்கினால் "பாவறுத்தவ கை பட்டுச்சா?" என்பார். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

பஸ்ஸை நம்பிப் பிழைத்த அந்த நாட்களில் ஒருநாள் பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. தலைமை ஆசிரியர் முதல் நாளே, "நாளைக்கு லேட்டா வந்தீங்கன்னா நான் ஒண்ணும் பேசமாட்டேன், அவுக பேசுவாக" என்று சொல்லியிருந்தார். பஸ் வந்தது, கல்லைத் தாண்டியது, வழக்கம்போலத் தள்ளிப்போய் நின்றது. நான் எங்கள் பொம்பளை நடையில் கிளம்பினேன். பாதி வழியில் விசில் கேட்டது.

எனக்கு அப்போது வந்தது வெறும் கோபம். டிரைவர் மேல், கண்டக்டர் மேல், கைக்கடிகாரத்தின் மேல். கொசுவத்தை மொத்தமாக அள்ளி இடுப்பில் செருகினேன். பையைத் தோளில் மாட்டினேன். ஓடினேன். முதல் பத்து எட்டு கால் என்னுடையது மாதிரியே இல்லை. அப்புறம் இடுப்பில் ஏதோ ஒன்று கழன்றுகொண்டது, கால் நீள ஆரம்பித்தது. காற்று காதில் சத்தம் போட்டது. உருள ஆரம்பித்த பஸ்ஸின் கம்பியைப் பிடித்து ஏறிவிட்டேன். இரண்டு ஆண்பிள்ளைகள் எனக்குப் பின்னால் புழுதியில் நின்றுவிட்டார்கள்.

"டீச்சரா ஓடியாந்தது?" என்றார் கண்டக்டர். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்க, முடி கலைந்து, டிக்கெட்டுக்குச் சில்லறையை நீட்டிக்கொண்டு, அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தேன். இன்ஸ்பெக்டர் அன்றைக்கு வரவில்லை. அதுவும் நல்லதற்குத்தான்.

அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. விலக்கில் இறங்கியதும் இரண்டு பக்கமும் பார்ப்பேன். காலை நேரம், கரிசக்காடு, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பருத்தியும் கம்பந்தட்டையும். ஆள் இல்லை என்றால் சேலையைச் செருகிக்கொண்டு ஓட ஆரம்பிப்பேன். வழி நெடுகக் கருவேல முள். வெறுங்காலில் ஓட முடியாது, செருப்போ கழன்று கழன்று விழும். வீட்டுத் தறியில் வெட்டிப்போட்ட நூல் கற்றையை எடுத்து வந்து செருப்பைக் காலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். பிரமாதமாகப் பிடித்தது.

முதல் வாரம் ஒற்றைப் பனை வரை ஓடுவேன், அப்புறம் விலாவைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். அடுத்த வாரம் பனையைத் தாண்டி இடிந்த கிணறு வரை. அப்புறம் ஊருணிக் கரை வரை. நேற்றைவிடப் பத்து எட்டு கூட ஓடிவிட்டால் அன்று முழுவதும் எனக்குக் குஷி. பிள்ளைகள் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொன்னால்கூடக் கோபம் வராது. ஒருநாள் எருவண்டி ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஓரமாக ஒதுங்கி முந்தினேன். வண்டிக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார், மாட்டை ஒரு தட்டுத் தட்டினார். மாடுகளும் ஓட, நானும் ஓட, கிணறு வரை போனோம். நான்தான் ஜெயித்தேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போங்க டீச்சர், போங்க" என்றார். பதின்மூன்று வயதில் டம்ளர் வாங்கியபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை.

பருத்தி வெடித்ததும் காட்டில் ஆள் நடமாட்டம் வந்துவிட்டது. கொஞ்ச நாள் ஓடாமல் நடந்து பார்த்தேன். தாங்கவில்லை. ஒரு காலையில் பாதையோரக் காட்டில் இருபது பொம்பளைகள் மடி கட்டிப் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். குனிந்த தலைகள்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஓட்டம் எடுத்தேன்.

ஒருத்தி நிமிர்ந்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் ஒரு வளர்ந்த பொம்பளை ஓடினால் அதற்கு மூன்று காரணம்தான் உண்டு. யாரோ செத்திருக்க வேண்டும், எங்கேயோ தீப்பிடித்திருக்க வேண்டும், இல்லை அவளை ஒருவன் விரட்ட வேண்டும். என் பின்னால் ஆள் இல்லை. நான் ஓடிய திசையில் பள்ளிக்கூடம் இருந்தது. அதில் அவர்களுடைய பிள்ளைகள் இருந்தார்கள்.

எனக்கு முதலில் தெரியவில்லை. பின்னால் தடதடவென்று கேட்டதும் ஆட்டு மந்தை என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் இருபது பேரும் மடியில் பருத்தியோடு ஓடி வருகிறார்கள். பாதையெல்லாம் வெள்ளையாகச் சிந்திக்கொண்டு வருகிறது. "ஐயோ எம்பிள்ளை" என்று ஒரு குரல். நான் அங்கேயே நின்று ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நிற்கவில்லை. இருபது பேர் ஓடி வருவதைப் பார்த்ததும் எனக்கே பயம் பிடித்துக்கொண்டது. பள்ளியில் நிஜமாகவே ஏதோ நடந்துவிட்டது, இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடினேன்.

பள்ளிக்கூடத்தில் மணி இன்னும் அடிக்கவில்லை, கடவுள் வாழ்த்தைப் பாடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். பாட்டு பாதியில் நின்றது. பிள்ளைகள் அத்தனை பேரும் முழுசாக, கை கூப்பியபடி நின்றுகொண்டிருந்தார்கள்.

"யாருக்கு என்னாச்சு?" என்று கேட்டாள் முன்னால் வந்தவள்.

"யாருக்கு என்ன?" என்றார் தலைமை ஆசிரியர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஒண்ணுமில்ல. சும்மா ஓடினேன்" என்றேன்.

"சும்மாவா?"

"சும்மாதான்."

ஒருத்தி, நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும், முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றவள், களுக்கென்று சிரித்துவிட்டாள். "அடி ஆத்தி, நான் ஓடி எத்தனை வருசமாச்சு" என்றாள். இன்னும் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மற்றவர்களுக்கு ஆத்திரம். அவர்கள் திட்டியதில் நியாயம் இருந்தது, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். பிள்ளை போச்சு என்று நினைத்து ஓடி வந்தவளிடம் நான் என்ன நியாயம் பேசுவது?

தலைமை ஆசிரியர் பேசியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மத்தியானம் கூப்பிட்டு உட்காரக்கூடச் சொல்லாமல் பேசினார். டீச்சர் என்றால் ஒரு அடக்கம் வேண்டுமாம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாதையில் ஓடினால் ஊர் என்ன பேசுமாம். "இனிமே ஓடமாட்டேன்னு எழுதி, உங்க வீட்டுக்காரர் கையெழுத்தும் போட்டு, நாளைக்கு அவரையே கூட்டிட்டு வந்து குடுங்க. இல்லாட்டி நான் மேல எழுதவேண்டியதா வரும். சாயல்குடிப் பக்கம் தூக்கிப் போட்டாங்கன்னா என்னையச் சொல்லாதீங்க."

தினமும் நான் லேட் என்று அரைநாளை வெட்டியவர் இவர். நான் ஓட ஆரம்பித்த பிறகு ஒரு நாள்கூட லேட் ஆகவில்லை. அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

சாயல்குடிப் பக்கம் மாறுதல் என்றால் வேலையை விடு என்று வீட்டில் சொல்வார்கள். மூன்று வயது மகளை அத்தையிடம் விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன், தினமும் திரும்பி வர முடியாத ஊருக்கு யார் விடுவார்கள்? ஓட்டமா வேலையா என்று கேட்டால் எந்தப் பைத்தியக்காரி ஓட்டம் என்பாள்?

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் சத்தம் போட்டார், அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. "பாவறுத்தவ பேரு இப்போ பருத்திக்காடு வரைக்கும் போயிருச்சா?" என்றார். அவரே உட்கார்ந்து குண்டு குண்டான எழுத்தில் கடிதம் எழுதினார். நடந்ததற்கு வருந்துகிறேன், இனி என் வாழ்நாளில் பொதுப் பாதையில் ஓடமாட்டேன் என்று உறுதி கூறுகிறேன். வாழ்நாள் என்று தலைமை ஆசிரியர்கூடக் கேட்கவில்லை, இவர் தாராளமாகச் சேர்த்துக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன். கீழே அவர் போட்டார்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன். மகள் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள். "ஏ பிள்ள, ஓடாத, பாவு" என்றேன். சொன்ன பிறகுதான் தெருவைப் பார்த்தேன். ஒரு நூல்கூட இல்லை. அவள் நின்றுவிட்டாள். என் மகளாயிற்றே, பாவு எங்கே என்று கேட்கவில்லை.

மறுநாள் காலையில் இருவரும் நிறுத்தத்துக்கு நடந்தோம். அவர் சலவைச் சட்டை போட்டு, கடிதத்தை மடித்து அதன் பையில் வைத்திருந்தார். விஷயம் நல்லபடியாக முடிந்த தெம்பில் பேச்சு வந்துகொண்டே இருந்தது. மஞ்சள் கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றதும், "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கிராத" என்றார்.

"சொல்லுங்க."

"அந்தப் பாவு இருக்குல்ல, மாமாவோட பாவு. அது நீ தட்டி விழல."

நான் அவரைப் பார்த்தேன்.

"முளைக்கயிறு நான் கட்டினது. தூக்கக் கலக்கம். ரெண்டு சுத்துச் சுத்தணும், ஒரு சுத்தோட விட்டுட்டேன். அது நழுவிக்கிட்டே இருந்துருக்கு. நீ ரெண்டு முழம் தள்ளித்தான் போனே. உன்னையச் சொல்லவும் நான் வாயை மூடிக்கிட்டேன். மாமா கோவம் உனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார். "பழைய கதை. இப்போ சொன்னா என்னன்னு தோணுச்சு."

பதினைந்து வருஷம். எனக்கு முதலில் நினைவு வந்தது கணுக்கால்தான். இல்லாத கயிறு பட்டு வலித்த கணுக்கால். அப்புறம் விருதுநகருக்குப் போன அந்தப் பெண். அப்புறம், பால் பொங்கும்போதெல்லாம் பாவறுத்தவ கை என்று இந்த மனுஷர் சிரித்தது. தெரிந்துகொண்டே சிரித்திருக்கிறார். பயந்தது பதினேழு வயதில். சரி, இருக்கட்டும். இருபதில்? இருபத்தைந்தில்? நேற்றுச் சாயங்காலம் வாழ்நாள் என்று எழுதும்போது? நான் தட்டி விழுந்ததாகவே இருந்தாலும் ஒரு பாவுக்கு ஒரு ஆயுளா?

இதையெல்லாம் அவரிடம் கேட்டிருப்பேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. கல்லைத் தாண்டியது. எங்கள் இருவரையும் தாண்டியது. அரை பர்லாங் தள்ளிப்போய்ப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு நின்றது.

கொசுவத்தை அள்ளிச் செருகினேன். "ஏய், இரு, இரு" என்றார் அவர். நான் ஓடினேன். அன்று ஓடியது மாதிரி அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை. அழுதுகொண்டும் ஓடினேன், சந்தோஷமாகவும் ஓடினேன், இரண்டும் ஒரே மூச்சில் எப்படி நடந்தது என்று எனக்கு விளங்கவில்லை. ஆண்பிள்ளைகள் எல்லோரையும் முந்திக்கொண்டு முதல் ஆளாகப் படியில் ஏறினேன்.

அவரும் ஓடித்தான் பார்த்தார். ஒரு கையில் வேட்டி, ஒரு கை கடிதம் இருந்த பையின் மேல். இருபது எட்டு வந்திருப்பார். நாள் முழுக்கத் தறிக்குழியில் உட்கார்ந்திருக்கிற உடம்பு, விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினார்.

"டீச்சர், அது உங்க வீட்டுக்காரரா? நிப்பாட்டச் சொல்லவா?" என்றார் கண்டக்டர். என்னோடு அத்தனை நாள் பழகிய முகதாட்சண்யம்.

"வேணாம். போகலாம்" என்றேன். விசில் அடித்தார். புழுதியில் வெள்ளைச் சட்டை கொஞ்ச தூரம் தெரிந்தது.

விலக்கிலிருந்து பள்ளி வரை இரண்டு மைலும் ஓடினேன். பருத்தி எடுக்கும் பொம்பளைகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சும்மாதான் ஓடுது" என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டு குனிந்துகொண்டார்கள். தலைமை ஆசிரியர் வாசலில் நின்றார்.

"வீட்டுக்காரர் எங்க டீச்சர்? லெட்டர் எங்க?"

"லெட்டர் அவர்கிட்ட இருக்கு சார். பஸ்ஸை விட்டுட்டாரு. ஓட முடியல."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி அடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. மேலே எழுதப்போவதாகச் சொன்னார், எழுதியும் விட்டார். ஒரு வருஷம் கழித்து மாறுதல் வந்தது, ஆனால் சாயல்குடிக்கு இல்லை, மல்லாங்கிணறு பக்கம். அங்கேயும் பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு மைல் போக வேண்டியிருந்தது.

அவர் பஸ்ஸை விட்ட அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மகள் என்னைக் கண்டதும் தெருவில் இறங்கி ஓடி வந்தாள். பழக்கதோஷம், அவர் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"ஏ பிள்ள, ஓடாத, பாவு."

நான் பையைக் கீழே வைத்தேன். "கயிறு யாரு கட்டினது?" என்று கேட்டேன்.

அவர் தலை குனிந்துகொண்டார். மகள் நடுத்தெருவில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீ ஓடு" என்றேன். அவள் தெருக்கோடி வரை ஓடிவிட்டுத் திரும்பி வந்தாள்.